வீட்டில் கட்டிய சிறு விமானம்: திராட்டில், சோக், இக்னிஷன் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு பக்கம் சொந்தமாக விமானம் கட்டும் நம் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. நான் சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், வார இறுதியில் இப்படிக் கட்டுபவர்களுக்குக் கூடமாட உதவுகிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப்பில் தட்டுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

பெரும்பாலான பதில்கள் ரோட்டாக்ஸ் 912 யூஎல், 912 யூஎல்எஸ் எஞ்சின்களுக்கு, அதாவது பிங் நிறுவனத்தின் இரண்டு கார்புரேட்டர் (சுருக்கமாகக் கார்ப், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வகைக்கு. லைகமிங் (இன்னொரு விமான எஞ்சின் வகை), கார் எஞ்சின் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறேன். எஞ்சின் எல்லைகளுக்கான எண்கள் தயாரிப்பாளர் கையேட்டில் உள்ளவைதான், இருந்தாலும் உங்கள் எஞ்சின் சீரியல் எண்ணுக்குரிய கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஏதோ சரியில்லை. கார்ப்பைக் கழற்றுவதா, பிளக்கை மாற்றுவதா, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்பானரைக் கையில் எடுக்காமல் ஆரம்பியுங்கள். எஞ்சினை மூடும் உறையான கௌலிங்கைக் கழற்றிவிட்டு, இக்னிஷன் (பிளக்கில் பொறி உண்டாக்கும் அமைப்பு) இரண்டையும் ஆஃப் செய்து, பெட்ரோல் வால்வை மூடி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து, பவரைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பிடியை முழுக்க முன்னே தள்ளி முழுக்கப் பின்னே இழுக்க வேண்டும், இன்னொருவர் எஞ்சின் பக்கம் நின்று கார்ப்பில் உள்ள லீவரை மட்டும் பார்க்க வேண்டும். இது ஒருவர் தனியாகச் செய்கிற வேலை இல்லை.

என்ன பார்ப்பது? லீவர் இரண்டு பக்கமும் தன் ஸ்டாப்பில் போய் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காக்பிட்டில் பிடி பேனலில் முட்டி நின்றுவிட்டது, ஆனால் லீவருக்கும் ஸ்டாப்புக்கும் நடுவே இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது என்றால், உங்களுக்கு முழு பவர் ஒருநாளும் கிடைத்திருக்காது, அல்லது ஐடில் (திராட்டிலை மூடியபோது ஓடும் மெதுவான வேகம்) ஒருநாளும் சரியாக இறங்கியிருக்காது. லீவர்தான் முதலில் முட்ட வேண்டும், பிடிக்கு அதன் பிறகும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். அப்புறம், இரண்டு கார்ப்பின் லீவரும் ஒரே கணத்தில் ஸ்டாப்பை விட்டுக் கிளம்புகின்றனவா, பாதி வழியில் எங்காவது பிடிக்கிறதா, பிடி நகர்ந்தும் லீவர் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே சோதனையை சோக்குக்கும், கார்ப்பில் ஐஸ் கட்டாமல் சூடான காற்றைத் தரும் கார்ப் ஹீட் இருந்தால் அதற்கும் செய்யுங்கள்.

இதில் பத்து நிமிடம் போகும். 'எஞ்சின் கோளாறு' என்று என்னிடம் வருவதில் நிறைய விஷயங்கள் எஞ்சினுக்கே போய்ச் சேருவதில்லை, கைக்கும் லீவருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகின்றன. பிடி எங்கே இருக்கிறது என்பதை வைத்து எஞ்சினைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள், லீவர் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பிளக்கையும் மாற்றி, கார்ப்பில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டையும் மாற்றி, கேபிளையும் இறுக்கிவிட்டு எஞ்சின் நன்றாக ஓடினால் எது சரியானது என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்போது முதலிலிருந்து தேட வேண்டும்.

திராட்டிலை முழுக்க இழுத்தும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) 2300-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. ஐடில் ஸ்க்ரூவைத் திருகலாமா?

இப்போதைக்குத் தொடாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன சோதனையில் இரண்டு லீவரும் ஐடில் ஸ்க்ரூவில் உட்காருகின்றனவா என்று பார்த்தீர்களா? உட்காரவில்லை என்றால் கேபிள் பிரச்சினை: அவுட்டர் (கேபிளின் வெளி உறை) எங்கோ நசுங்கியிருக்கும், வளைவு இறுக்கமாக இருக்கும், எக்சாஸ்ட் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகி, உள்கம்பியான இன்னரைப் பிடித்திருக்கும், அல்லது அவுட்டரின் முனை அதன் குழியிலிருந்து வெளியே வந்து ஓரத்தில் ஏறி நிற்கும். கடைசியில் சொன்னதுதான் ரொம்ப சாதாரணமாக நடப்பது, கண்ணில் படாமல் போவதும் அதுதான்.

லீவர் சரியாக உட்கார்ந்திருந்தும் ஆர்பிஎம் இறங்கவில்லை என்றால், சோக் முழுக்க மூடுகிறதா என்று பாருங்கள். பிங் கார்ப்பில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை, கூடுதல் பெட்ரோல் கலவை விடும் ஒரு தனி வழி. திராட்டில் மூடியிருக்கும்போதுதான் அது வேலை செய்யும். அதனால்தான் குளிர்ந்த எஞ்சினைத் திராட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் சோக் போட்டும் பிடிக்காது.

அதுவும் சரி என்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கார்ப்பை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் ஃபிளாஞ்சில் வெடிப்பு, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சமன்குழாயின் ஹோஸில் வெடிப்பு, இவை இரண்டும் நம் ஊர் வெப்பத்தில் எதிர்பார்க்க வேண்டியவை. ரப்பர் பாகங்களை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்று தள்ளிப்போடாதீர்கள், ஃபிளாஞ்சை விரலால் மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஐடில் ஸ்க்ரூ. பலரும் 1600 முதல் 1800 வரை வைத்துக்கொள்கிறார்கள், 1400-க்குக் கீழே போகக் கூடாது. ஐடில் ரொம்பக் குறைந்தால் கியர்பாக்ஸ் கடகடவென்று அடிக்கும், அது காதில் விழுந்தாலே நிறுத்திவிடுங்கள்.

பறக்கும்போது திராட்டில் கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

ரோட்டாக்ஸ் 912-ல் கார்ப் லீவரில் இருக்கும் ஸ்பிரிங் திராட்டிலைத் திறக்கும் பக்கமாகத்தான் இழுக்கிறது. அதனால் கேபிள் அறுந்தால் அந்தக் கார்ப் முழு பவருக்குப் போகும். இரண்டுக்கும் பொதுவான இடத்தில் அறுந்தால் இரண்டுமே போகும். கேபிள் இரண்டு கார்ப்புக்கும் பிரிந்த பிறகு ஒரு பக்கம் மட்டும் அறுந்தால் ஒரு கார்ப் முழுக்கத் திறந்து, இன்னொன்று நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும், எஞ்சின் பயங்கரமாக அதிரும். அப்போது செய்ய வேண்டியது பிடியை முன்னே தள்ளி நல்ல பக்கத்தையும் திறந்துவிடுவது. இழுத்தால் அதிர்வு அதிகமாகும். முதலில் கேட்கும்போது மனசுக்கு ஒவ்வாது, ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்டால் கை தானாகச் செய்யும்.

முழு பவரில் மாட்டிக்கொண்ட எஞ்சினோடு தரையிறங்க முடியாது. ஆனால் மேலே ஏற முடியும், நேரம் இருக்கிறது. விமானத்தள எல்லைக்குள் உயரம் சேர்த்துக்கொண்டு, ஓடுபாதைக்குச் சறுக்கி வந்து சேர முடியும் என்று உறுதியான பிறகு இக்னிஷன் இரண்டையும் அணைத்துவிட்டு எஞ்சின் இல்லாமல் இறங்க வேண்டும். ஏறும்போது ஆர்பிஎம் 5800-ஐத் தாண்டாமல் மூக்கைத் தூக்கிப் பிடிக்கவும், 5500-க்கு மேல் 5 நிமிடம்தான் என்ற எல்லையை நினைவில் வைக்கவும் வேண்டும். இதை உங்கள் பயிற்சியாளரோடு தரையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிவிடுங்கள், உங்கள் விமானத்தின் அவசரக்காலப் பட்டியலில் இது இல்லை என்றால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடி தானாகவே முன்னே நகர்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி மென்மையானதாகப் போட்டுவிடலாமா?

அந்த ஸ்பிரிங்தான் காரணம், ஆனால் மாற்ற வேண்டியது பிடியின் உராய்வு லாக்கை. கையை எடுத்தால் அதிர்விலும் நகராமல் நிற்கிற அளவுக்கு இறுக்க முடிய வேண்டும். சிலர் ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் ஸ்பிரிங் பலவீனமாகி, கேபிளோ வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் போனால் நீங்கள் பவர் கேட்கும்போது லீவர் திறக்காது. பாவ்டன் கேபிள் (உறைக்குள் கம்பி ஓடும் இந்த வகை) இழுக்க மட்டும்தான் செய்யும், தள்ளாது, திறக்கும் வேலை முழுவதும் அந்த ஸ்பிரிங்கை நம்பித்தான் இருக்கிறது. டேக்-ஆஃபில் அதை இழக்க நான் விரும்ப மாட்டேன்.

2500-க்குக் கீழே எஞ்சின் உதறுகிறது, மேலே போனால் சரியாகிவிடுகிறது. எதனால்?

இரண்டு கார்ப்பும் ஒத்துப்போகவில்லை. 912-ல் ஒரு கார்ப் வலப்பக்க 1, 3 சிலிண்டர்களுக்கும் இன்னொன்று இடப்பக்க 2, 4 சிலிண்டர்களுக்கும் போகிறது. கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் பெரிய விகிதம், முழுக்கத் திறந்திருக்கும்போது அது ஒன்றுமே இல்லை. அதனால்தான் கீழே உதறல், மேலே அமைதி. 'குரூஸில் நன்றாகத்தானே ஓடுகிறது' என்று விட்டுவிட்டால் கியர்பாக்ஸும் எஞ்சின் ரப்பர் மவுண்டும் அடிவாங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் கையால் ஒத்திசைவு: எஞ்சின் ஓடாமல், இரண்டு லீவரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக முடிவில் முட்டும்படி கேபிள் அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்யுங்கள். பிறகு வெற்றிட அளவி. சமன்குழாயின் ஹோஸைக் கழற்றி, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அளவியைப் பொருத்தி, எஞ்சினைச் சூடேற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஆரம்பிக்காதீர்கள். ஐடிலில் வித்தியாசம் தெரிந்தால் ஐடில் ஸ்க்ரூ, 2500-க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் கேபிள் அட்ஜஸ்டர். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கொஞ்சம் நகரும், அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அட்ஜஸ்டரைத் திருகும் ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் திருக வேண்டும், சுழலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முடித்ததும் எல்லா லாக் நட்டையும் இறுக்கி, சமன்குழாயை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

புதுக் கேபிள் என்றால் சில மணி நேரம் ஓடிய பிறகு இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும். கேபிள் கொஞ்சம் நீளும், இரண்டும் ஒரே அளவு நீளாது.

லீவர் முழுக்கத் திறக்கிறது, ஆனால் பவர் வரவில்லை, அதிர்வும் இருக்கிறது. இது என்ன?

பிங் கார்ப்பில் நீங்கள் திறப்பது ஒரு தகட்டை மட்டும்தான். அதற்கு முன்னால் உள்ள பிஸ்டனை மேலே தூக்குவது வெற்றிடம், அதற்கு ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. டயஃப்ரம் கிழிந்தால் லீவர் திறந்தும் பிஸ்டன் எழும்பாது. காற்று ஃபில்டரைக் கழற்றி, இரண்டு பிஸ்டனையும் விரலால் மேலே தூக்கி விட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி மெதுவாக இறங்க வேண்டும். ஒன்று பொத்தென்று விழுந்தால் அந்தப் பக்கம் கிழிசல். மூடியைத் திரும்பப் போடும்போது டயஃப்ரம் அதன் காடியில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

முழு திராட்டிலில் ஆர்பிஎம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அதிர்வும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். 33 டிகிரி வெயிலில் கடல் மட்டத்தில் நின்றாலும் எஞ்சினுக்குக் காற்று ஏறக்குறைய 2000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் மெலிந்து இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் எண்ணை சுபாங்கில் மத்தியானம் இரண்டு மணிக்கு எதிர்பார்க்கக் கூடாது. காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை ஓட்டி உங்கள் விமானத்துக்கான எண்ணை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது, சோக் கேபிளும் இறுகிப்போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதைக் கேட்டதற்கு நன்றி. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரம் கடத்தாது. எஞ்சினுக்கும் பேட்டரியின் எர்த்துக்கும் நடுவே தடிமனான எர்த் ஸ்ட்ராப் இருக்க வேண்டும். அது தளர்ந்தோ துருப்பிடித்தோ போனால், ஸ்டார்ட்டரின் அத்தனை ஆம்பியரும் திரும்பிப் போக வேறு வழி தேடும். உலோகத்தால் ஆன வேறு இணைப்பு என்ன இருக்கிறது? திராட்டில் கேபிளும் சோக் கேபிளும்தான். கம்பி சூடாகும், உள்ளே உள்ள பிளாஸ்டிக் உருகும், சில சமயம் இன்னர் அவுட்டரோடு ஒட்டிப்பிடிக்கும்.

அதனால் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தினால் புதுக் கேபிளும் அதே கதிக்குத்தான் போகும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் உடம்பிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, இக்னிஷனை ஆஃபில் வைத்தபடி ஒருவர் ஸ்டார்ட்டரை ஒரு கணம் அழுத்தட்டும், புரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. நல்ல எர்த்தில் அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் ஸ்ட்ராப்பைக் கழற்றி, இரண்டு முனையையும் பளபளவென்று தேய்த்துத் திரும்பப் பொருத்துங்கள். பினாங்கில், குறிப்பாகக் கடலோரம் நிறுத்தி வைக்கும் விமானங்களில், உப்புக்காற்று இந்த முனைகளைத்தான் முதலில் தின்னும்.

இக்னிஷன் சோதனையில் ஒரு பக்கம் அதிகமாக இறங்குகிறது. எவ்வளவு வரை பரவாயில்லை?

912-ல் 4000 ஆர்பிஎம்மில் சோதிக்க வேண்டும். இரண்டு இக்னிஷன் சர்க்யூட்டில் ஒன்றை அணைத்தால் 300-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டு பக்க இறக்கத்துக்கும் நடுவில் 115-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. லைகமிங் என்றால் 2000 பக்கத்தில் சோதிப்பார்கள், 175-க்கு மேல் இறங்கக் கூடாது, வித்தியாசம் 50-க்குள்.

கோளாறு இக்னிஷனிலா கார்ப்பிலா என்று பிரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ரோட்டாக்ஸில் ஒவ்வொரு சர்க்யூட்டும் நான்கு சிலிண்டருக்கும் ஒவ்வொரு பிளக்கை எரிக்கிறது. ஆகவே ஒரு சர்க்யூட்டில் மட்டும் ஓட்டும்போது உதறி, இன்னொன்றில் நன்றாக ஓடினால் இக்னிஷன் பக்கம் பாருங்கள்: பிளக், பிளக் மூடி, வயர், கனெக்டர், இந்த வரிசையில். எந்த சர்க்யூட்டில் வைத்தாலும் ஒரே மாதிரி உதறி, இடப்பக்க எக்சாஸ்ட் வெப்பத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் கார்ப் பக்கம் போங்கள்.

ஒரு பக்கம் ஆர்பிஎம் இறங்கவே இல்லை. அப்படியென்றால் எஞ்சின் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. அந்த சுவிட்ச் அந்த சர்க்யூட்டை அணைக்கவே இல்லை என்று அர்த்தம். இக்னிஷனை நிறுத்துவது என்பது அந்த வயரை எர்த்தோடு சேர்ப்பதுதான், வயர் அறுந்தாலோ சுவிட்ச் கெட்டாலோ சர்க்யூட் எப்போதும் உயிரோடு இருக்கும். ரோட்டாக்ஸில் கையால் சுற்றும் வேகத்தில் பொறி வராது என்றாலும், லைகமிங்கில், மெதுவாகச் சுற்றினாலும் பொறி தரும் இம்பல்ஸ் மேக்னெட்டோவில் கையால் புரொப்பெல்லரைக் கொஞ்சம் நகர்த்தினாலே எஞ்சின் பற்றிக்கொள்ளும். சரிசெய்யும் வரை புரொப்பெல்லரை யாரும் தொடக் கூடாது, அதில் ஒரு காகிதத்தை எழுதித் தொங்கவிடுங்கள். ஹேங்கரில் குழந்தைகளைக் கூட்டிவந்து படம் எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

மலேசியா வெயிலில் கார்ப்பில் ஐஸ் பிடிக்குமா? நண்பர் சிரிக்கிறார்.

பிடிக்கும். கார்ப்பின் குறுகலான பகுதியான வெஞ்சுரியில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் 20 முதல் 30 டிகிரி வரை இறங்கக்கூடும். வெளியே 28 டிகிரி, மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, நீங்கள் திராட்டிலை மூடி இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள்: தகட்டைச் சுற்றி ஐஸ் கட்டத் தேவையான எல்லாமே அங்கே இருக்கிறது. குளிர்நாட்டில் கடுங்குளிரில் காற்று காய்ந்திருக்கும், நம் காற்றில் தண்ணீர் தாராளம். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களின் மத்தியான மழைக்குப் பிறகு பறப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நிலையான (இறக்கைக் கோணம் மாறாத) புரொப்பெல்லர் என்றால் அடையாளம் ஆர்பிஎம் மெல்ல மெல்லக் குறைவது. பலர் திராட்டில் நழுவிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் முன்னே தள்ளுவார்கள், அப்புறம் இன்னும் கொஞ்சம். கார்ப் ஹீட்டை இழுத்தால் முழுக்க இழுங்கள். ஆர்பிஎம் முதலில் இன்னும் இறங்கும், ஐஸ் உருகி உள்ளே போகும்போது எஞ்சின் இருமும், அந்த இடத்தில் பயந்துபோய்த் திரும்பத் தள்ளிவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் ஆர்பிஎம் ஏறும். லைகமிங்கில் கார்ப் எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டி இருப்பதால் கொஞ்சம் சூடு கிடைக்கும். ரோட்டாக்ஸில் கௌலிங்குக்குள் உள்ள சூடான காற்றையே இழுக்கும்படி அமைத்தவர்களுக்கு ஐஸ் தொல்லை குறைவு, பதிலுக்கு பவர் கொஞ்சம் போகும். வெளிக்காற்றைக் குழாய் வைத்துக் கொண்டுவந்திருந்தால் சூடேற்ற ஏதாவது ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

தரையில் இறங்கி வந்து பார்த்தால் ஐஸ் இருக்காது. எஞ்சின் சூட்டில் உருகிப் போயிருக்கும், எல்லாம் சரியாக இருக்கும், நீங்கள் கார்ப்பைக் கழற்றித் தேடிக்கொண்டே இருப்பீர்கள். அதனால் கோளாறு வந்த நேரம், வெப்பம், மழை, அப்போது எவ்வளவு பவரில் இருந்தீர்கள் என்பதை அன்றே எழுதிவையுங்கள்.

சமமாகப் பறக்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, பிடியைத் தொடவே இல்லை.

இதற்குப் பல காரணங்கள். கேபிளின் அவுட்டர் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஃபயர்வாலில் மட்டும் கட்டி, எஞ்சின் பக்கத்தில் கட்டாமல் விட்டிருந்தால், எஞ்சின் ரப்பர் மவுண்டில் அசையும்போதெல்லாம் கேபிள் இழுபடும். திருப்பத்திலும் குலுங்கலிலும் மட்டும் ஆர்பிஎம் மாறினால் இதுதான். அவுட்டரின் முனை எஞ்சினோடோ கார்ப்போடோ சேர்ந்து அசைய வேண்டும், நடுவில் கொஞ்சம் தளர்வான வளைவு இருக்க வேண்டும்.

அடுத்தது ஃப்ளோட். பிங் ஃப்ளோட் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போனால் மட்டம் ஏறும், கலவை கெட்டியாகும், வழிந்தும் ஓடும். ஒரு கார்ப்பின் இரண்டு ஃப்ளோட்டும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழிந்த பெட்ரோல் எக்சாஸ்டில் விழாதபடி கார்ப்புக்குக் கீழே தட்டும் வடிகுழாயும் இருக்கின்றனவா என்றும் அதோடு பாருங்கள்.

ஃப்ளோட் கிண்ணத்தின் காற்றுக் குழாய்களை மறந்துவிடாதீர்கள். கார்ப் இழுக்கும் காற்றில் என்ன அழுத்தமோ அதே அழுத்தம்தான் அந்தக் குழாய் முனையிலும் இருக்க வேண்டும். முனையை வேகமான காற்றோட்டத்தில் தொங்கவிட்டால் வேகம் மாறும்போதெல்லாம் கலவையும் மாறும். தரையில் இது தெரியவே தெரியாது.

எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி ஓட்டும்போது மட்டும் வந்தால் பெட்ரோல் குழாயில் ஆவி கட்டுகிறது. டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைபடாமல் இருக்கிறதா, குழாய்களுக்கு வெப்ப உறை இருக்கிறதா, எரிபொருள் அழுத்தம் 0.15 பாருக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். தண்ணீரும் சாத்தியம்: பாதி காலியான டேங்க், ஈரக் காற்று, இரவில் குளிர்ச்சி. ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன் அடிவால்விலிருந்து கொஞ்சம் பிடித்துப் பாருங்கள்.

ரேடியோவில் பேசினால் மட்டும் ஆர்பிஎம் முள் ஆடுகிறது.

எஞ்சின் சத்தம் மாறுகிறதா? மாறவில்லை என்றால் ரேடியோ அலை மீட்டரின் வயரில் ஏறுகிறது, ஷீல்ட் வயரின் எர்த்தையும் ஆன்டெனா கேபிளையும் பாருங்கள். சத்தமும் மாறினால், அதுவும் கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின் என்றால், சரியாகும் வரை பறக்க வேண்டாம்.

912 ஐஎஸ் வைத்திருக்கிறேன். லேன் விளக்கு ஒன்று எரிந்துவிட்டு அணைந்துவிடுகிறது.

ஐஎஸ் வகையில் கணினிக்கு ஏ, பி என்று இரண்டு லேன்கள், ஒன்று போனால் இன்னொன்று எஞ்சினை ஓட்டும். விளக்கு அணைந்துவிட்டது என்பதால் காரணமும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பதிவான பிழைகளை அழிக்காமல் முதலில் படித்து எழுதிக்கொள்ளுங்கள், அழித்துவிட்டு 'இப்போது இல்லை' என்றால் யாராலும் உதவ முடியாது. பிறகு கனெக்டர்கள், எர்த், மின்னழுத்தம். கணினியை மாற்றுவது கடைசி. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தம்பிகள் நிறையப் பேர் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள், கனெக்டர் பின்னைச் சரியாக கிரிம்ப் செய்வதை அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

ஹாஃப்கட் (பழைய கார் பாகம் விற்கும்) கடையில் வாங்கிய கார் எஞ்சினை அதன் சொந்தக் கணினியோடே போடலாமா?

எஞ்சினைப் போட்டவர்கள் உலகத்தில் நிறைய, சுபாரு, சுசுகி எல்லாம் பறந்திருக்கின்றன. கணினி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். கார்க் கணினி ஒரு சென்சார் தவறாகக் காட்டினால் எஞ்சினைக் காப்பாற்றப் பவரைக் குறைக்கும். ஃபெடரல் ஹைவேயில் அது சரியான முடிவு, ஓரமாக நிறுத்திவிடலாம். மரங்களுக்கு மேலே 300 அடியில் எஞ்சின் பாழானாலும் பரவாயில்லை, பவர் வேண்டும். சாவித் திருட்டுத் தடுப்பு, மின்சாரப் பெடல் திராட்டில் எல்லாம் கூடவே வரும், ஒவ்வொன்றும் உங்களைக் கேட்காமல் எஞ்சினை நிறுத்தக்கூடிய ஒரு வழி. பறப்பதற்கென்றே செய்த தனிக் கணினி, இரண்டு மின்வழி, இரண்டு பெட்ரோல் பம்ப் இல்லாமல் அந்தப் பாதையில் இறங்காதீர்கள்.

லைகமிங்கில் மிக்ஸ்சரை (பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும் பிடியை) இழுத்தும் எஞ்சின் நிற்கவில்லை.

லீவர் ஸ்டாப்பை எட்டுகிறதா என்று பாருங்கள், அநேகமாக எட்டாது. எட்டினால், நிறுத்தும்போது ஆர்பிஎம்மைக் கவனியுங்கள்: மெதுவாக இழுக்கும்போது 50-க்கு மேல் ஏறிவிட்டு நின்றால் ஐடில் கலவை கெட்டி, ஏறாமலே விழுந்தால் மெலிவு.

காப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) கடையில் திராட்டில் கேபிள் மலிவாகச் செய்து தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். மோட்டார் சைக்கிள் கேபிள் அறுந்தால் எஞ்சின் ஐடிலுக்கு வரும், உங்களுடையது முழு பவருக்குப் போகும். முனைக் குமிழை ஈயம் வைத்து ஒட்டும் முறையில் கம்பி இழைகள் விரிந்து ஒட்டியதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஸ்க்ரூ வைத்து இறுக்கும் குமிழ் இன்னும் மோசம், ஒவ்வொரு இழையாக அறுத்துக்கொண்டே வரும். வயரிங்குக்கும் இதே பதில்: ஜாலான் பாசாரில் கருவிகளும் மல்டிமீட்டரும் தாராளமாக வாங்குங்கள், ஆனால் எஞ்சின் பக்கம் பிவிசி வயர் வேண்டாம், 150 டிகிரி தாங்கும் டெஃப்செல் வயரைப் போடுங்கள்.

ராட் எண்ட் (லீவரோடு இணைக்கும் உருண்டை மூட்டு) இருக்கும் இடத்தில் அதன் துளையைவிட அகலமான வாஷர் ஒன்றை வெளிப்பக்கம் சேர்த்துவிடுங்கள். உருண்டை தேய்ந்து கழன்றாலும் லீவரைவிட்டு வெளியே வராது. காசில் நட்டும் ஸ்பிலிட் பின்னும் போட வேண்டிய இடத்தில் வெறும் நைலான் நட்டைப் போட்டுவிட்டு வராதீர்கள்.

வீட்டுப் போர்ச்சில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாமா?

தாமான் லிங்க் வீட்டில் ஓட்டக் கூடாது, ஒரு நிமிடம்கூட. கட்டுவது வீட்டில், ஓட்டுவது தளத்தில். வாலைத் தரையிலுள்ள உறுதியான கொக்கியில் கட்டி, சக்கரக் கட்டை போட்டு, காக்பிட்டில் ஒருவர், தீயணைப்பானோடு பக்கவாட்டில் பின்னால் ஒருவர். புரொப்பெல்லர் சுழலும் தளத்தின் நேர் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கையசைவு அடையாளங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள், சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

சரிசெய்துவிட்டேன். எப்போது பறக்கலாம்?

எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, முழு பவரில் ஒரு நிமிடம், திரும்ப ஐடில், இதை இரண்டு மூன்று முறை. நிறுத்தி, கௌலிங்கைக் கழற்றி, நீங்கள் தொட்ட ஒவ்வொரு நட்டையும் வேலையில் பங்கெடுக்காத இன்னொருவர் பார்க்க வேண்டும். எஞ்சின் பதிவேட்டில் எழுதுங்கள், மாற்றம் என்று கருதக்கூடியது எதுவாக இருந்தாலும் உங்கள் விமானத்துக்கான சிஏஏஎம் (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி நிபந்தனைகளைத் திறந்து படியுங்கள். முதல் பறத்தலில் ஆள் ஏற்றாதீர்கள், ஓடுபாதைக்குச் சறுக்கி வரக்கூடிய தூரத்துக்குள்ளேயே சுற்றுங்கள், இறங்கியதும் மறுபடி கௌலிங்கைக் கழற்றிப் பாருங்கள்.

கேபிளை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

முதல் பதிலில் சொன்ன இருவர் சோதனையை ஒவ்வொரு 25 மணி நேரத்துக்கும் நான் செய்யச் சொல்வேன், கடலோரத்தில் நிறுத்துபவர்கள் பறக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை. இன்னரில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள், இரண்டு பக்கத்தையும் சேர்த்து.